கொல்லிமலைக் கஞ்சி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூடுகையில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன்.)



கிறிஸ்துமஸ் என்றால் நம் வளாகத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பால்கனியில் நட்சத்திரம் தொங்கும். குழந்தைகள் சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டு மிட்டாய் கொடுப்பார்கள். நானும் என் வீட்டுக்காரம்மாவும் தட்டில் கேக் வைத்து வீடு வீடாகப் போவோம். தீபாவளிக்கு அதே தட்டுகள் முறுக்கும் அதிரசமுமாக எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். வைகாசித் தேருக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வடம் பிடித்துவிட்டு வியர்வையோடு வந்தால் எங்கள் வீட்டு மோரும் அவர்களுக்கு உண்டு. இதெல்லாம் நல்ல பழக்கம்தான். எந்தக் காரணத்துக்காகவும் இதை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆனால் இன்று நான் பேச வந்தது வேறொரு பாத்திரத்தைப் பற்றி. அது ஒரு கஞ்சிப் பானை. நூறு வருடங்களுக்கும் முன்பு, நம் நாமக்கல் மாவட்டத்து மலை ஒன்றின் மேல் கொதித்த பானை.

செயலாளர் என்னைக் கூப்பிட்டபோதே, "சார், பிரசங்கம் மாதிரி வேண்டாமுங்க, எல்லாருக்கும் பொதுவா ஒரு விஷயம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். பயப்பட வேண்டாம். நான் போதகர் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுன்டரில் காலத்தை ஓட்டிய குமாஸ்தா. எனக்குத் தெரிந்தது பற்று, வரவு, மாலையில் கணக்கு டேலி ஆகிறதா இல்லையா, அவ்வளவுதான். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

கொல்லிமலைக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடுகிறோம். அந்த மலையில் வாழவந்தி என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஒரு கணவன் மனைவியின் கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. கணவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி பெயர் ஈவ்லின்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் இருந்து 1907-ல் வந்தவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சங்கத்தின் ஊழியர். கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றிருந்தார். ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர். 1913-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. திருமணம் முடிந்த கையோடு மலை ஏறினார்கள். அன்றைக்கு அங்கே பஸ்ஸும் கிடையாது, வளைவுச் சாலையும் கிடையாது. ஏறினால் கால்நடை, இல்லாவிட்டால் டோலி. கீழே இருக்கும் சமவெளிக்காரர்கள் கொல்லிமலை என்றாலே பயப்பட்ட காலம் அது. காரணம் மலைக் காய்ச்சல். இன்று மலேரியா என்கிறோம்.

அங்கே போய் என்ன செய்தார்கள்? வீடு கட்டினார்கள். மருந்து கொடுத்தார்கள். பல் பிடுங்கினார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மரவேலை கற்றுக்கொடுத்தார்கள். கூடவே, தங்கள் ஆண்டவரைப் பற்றியும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடைப்பயிற்சியின்போது நம் வளாகத்து நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "ஏனுங்க சார், அவங்க மதம் மாத்தத்தானுங்களே வந்தாங்க?" நான், "ஆமாங்க, அந்த எண்ணத்தோடதான் வந்தாங்க" என்றேன். அதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. தாங்கள் நம்பிய செய்தியை மலைமக்களும் நம்ப வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்காகத்தான் சங்கம் அவர்களை அனுப்பியது.

அதற்கு மேல் நான் நண்பரிடம் சொன்னது இது. வந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, ஆறு வருடம் போல ஒருவரும் அவர்கள் வழியில் சேரவில்லை. அந்தப் பகுதியின் பூசாரி கடுமையாக எதிர்த்தார். அவர் பேச்சை மீறி யாரும் வரவில்லை.

வங்கிக்காரன் கணக்கில் பார்த்தால் இது என்ன? முதல் போட்டாயிற்று. ஆறு வருடமாக ஒரு பைசா வரவில்லை. எங்கள் பாஷையில் வாராக்கடன். மேலாளராக இருந்தால், "கணக்கை மூடுங்கள், கிளையை வேறு ஊருக்கு மாற்றுங்கள்" என்றுதான் எழுதுவார். ஆனால் அந்த இருவரும் மருந்துப் பெட்டியை மூடவில்லை. நீ என் பேச்சைக் கேட்டால்தான் உன் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன் என்று சொல்லவும் இல்லை. நண்பர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான். பலன் வராத ஆறு வருடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரியும்.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது.

முதல் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1918-19-ல், இன்ஃபுளுவென்சா என்கிற விஷக்காய்ச்சல் உலகத்தையே சுற்றியது. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான பேர் இறந்தார்கள். அது கொல்லிமலைக்கும் ஏறியது. மலைமக்கள் மிரண்டுவிட்டார்கள். வீட்டில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்ன நோய், எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாத நேரம். விழுந்தவர்களில் பல பேர் நோயால் மட்டும் சாகவில்லை. தண்ணீர் கொடுக்கவும், ஒரு வாய்க் கஞ்சி ஊற்றவும் ஆள் இல்லாமல் செத்தார்கள்.

அந்த நோய்க்கு மருந்து இல்லை. ஜெஸ்ஸியிடமும் இல்லை. பெரிய டாக்டர்களிடமும் இல்லை. அவரும் ஈவ்லினும் செய்தது ஒன்றுதான். வீட்டு வாசலில் பெரிய பானை வைத்து அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். அதைக் குதிரையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், படுத்துக் கிடந்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்தார்கள். பல பேர் பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் அவர்கள் வீட்டிலேயே இரண்டு சின்னக் குழந்தைகள் இருந்தன. மூத்தவனுக்கு நாலு வயது. பயப்படுவதற்கு அவர்களுக்கும் காரணம் இருந்தது.

காய்ச்சலில் விழுந்தவர்களில் அந்தப் பூசாரியும் ஒருவர். அவர் பக்கத்திலும் ஆள் இல்லை. இத்தனை வருடம் எதிர்த்து நின்ற அதே இருவர்தான் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பிழைக்கவில்லை. சாகிற தறுவாயில், தன் பிள்ளைகளை இவர்கள்தான் வளர்க்க வேண்டும் என்று ஒப்படைத்தார். அவருடைய கைக்குழந்தையான பெண்ணுக்கு ரூத் என்று பெயர் வைத்து பிராண்ட் குடும்பம் வளர்த்தது. அதற்குப் பிறகுதான் மலைமக்கள் சிலர் அவர்களோடு சேர ஆரம்பித்தார்கள்.

ஒரு மனிதன் தன் குழந்தையை யாரிடம் விட்டுப் போவான்? தன் கொள்கைக்காரனிடமா? தன் ஜாதிக்காரனிடமா? எல்லாரும் ஓடிய பிறகு யார் தன் படுக்கைக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கிறாரோ அவரிடம் விட்டுப் போகிறான். எங்கள் சபைகளில் 'ஊழியம்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறோம். மேடை, மைக், பாட்டு, கைதட்டல் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் போட்டுப் போட்டு அது தேய்ந்துவிட்டது. ஊழியம் என்றால் பணிவிடை. அந்தக் கஞ்சிப் பானைதான் அதற்குச் சரியான படம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். திருச்செங்கோடு என்றாலே மலைக்கோயிலுக்கு அடுத்து ரிக் வண்டிதான். நம் ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. அதனால் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. நம்மில் வயதானவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காலில் கொப்புளம் வந்து, அது உடைந்து, உள்ளே இருந்து ஒரு முழத்துக்கும் மேலான புழு மெதுவாக வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் அப்படிப் பொறுமையாகச் சுற்றி எடுத்ததை அவர் மகன் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. காரணம் கிணற்றில் இருந்தது. படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறு. புண் உள்ள காலோடு ஒருவர் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதைத் தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் மறுபடியும் புழு வளரும். அதை நிறுத்த மருந்து தேவையில்லை. கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி, யாரும் கால் வைக்காதபடி செய்து, வாளி விட்டு இறைக்க வேண்டும். துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். ஈவ்லின் அம்மா தன் முதிய வயதில் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லி, சுவர் கட்ட உதவி செய்து, அந்த மலையில் நரம்புச் சிலந்தியை ஏறக்குறைய ஒழித்துவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். நாடு முழுவதும் அந்த நோயின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று சான்று கொடுத்தது. ஒரு தடுப்பூசியும் இல்லாமல், சுவரும் வடிகட்டும் துணியும் கைப்பம்புமாகச் சேர்ந்து ஒழித்த நோய் அது.

நம் வளாகத்தில் சம்ப் மூடி திறந்து கிடக்கிறது என்று ஒருவர் குழுவில் போட்டால், "எப்பப் பாத்தாலும் இவருக்கு இதே வேலை" என்று நாம் சிரிக்கிறோம். இனிமேல் சிரிக்க வேண்டாம். கிணற்றுக்குச் சுவர் கட்டுவதும் பணிவிடைதான்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்தார். மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சல். ஐம்பதைத் தொடாத வயது. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். தந்தி முதலில் போய்விட்டது. கப்பலில் போய்க்கொண்டிருந்த அப்பாவின் கடிதம் அதற்கப்புறம்தான் மகன் கையில் கிடைத்தது.

ஈவ்லின் ஊருக்குப் போனார், திரும்பி வந்தார். சங்கம் சொன்ன இடங்களில் வேலை செய்தார். எழுபதை நெருங்கும்போது சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் கொல்லிமலைக்கே ஏறிவிட்டார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. மட்டக்குதிரையில் போனார். விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்பார்கள். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

எனக்கு ஓய்வு கிடைத்த அன்று சந்தன மாலையும் ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் மகனைப் பற்றியும் கேளுங்கள். பெயர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். லண்டனில் முதலில் கட்டட வேலை பழகினார், பிறகு டாக்டர் ஆனார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை, தசைநாணை மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் முன்னோடி. வேலூரை அடுத்த கரிகிரியில் பல வருடம் ஆராய்ச்சி செய்தார். 1966-ல் அமெரிக்கா போனார், 2003-ல் காலமானார்.

அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதில்லை. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கூர்ந்து பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. நோய் நரம்பைக் கெடுத்துவிடுகிறது, வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். காலில் முள் குத்தியதோடு நடக்கிறார்கள். சிலருக்கு இரவில் விரல் காணாமல் போனது ஏன் என்று தேடினால், தூங்கும்போது எலி கடித்திருக்கிறது! கடிபட்டவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். வலி ஒரு வரம் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வலி தெரிகிற உடம்புதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

ஒரு அடுக்குமாடியும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. மூன்றாவது மாடியில் வலித்தால் முதல் மாடிக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் போனால், லிஃப்ட், ஜெனரேட்டர், சிசிடிவி எல்லாம் இருந்தும் என்ன பயன்?

இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என்னைச் சொல்கிறேன். இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொல்லாமல் கொல்லிமலைக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்க் கணக்கு.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை. என் மாடியிலேயே, என் கதவுக்கு எதிரே இரண்டு கதவு தள்ளி, வயதான கணவன் மனைவி. மகன் வெளிநாட்டில். அவருக்குக் காய்ச்சல் வந்து உறுதியாகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி, நின்று சமைக்க முடியாது. ஒரு காலையில் நான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, அந்த அம்மா தன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சார்..." என்று கூப்பிட்டார்கள். என்ன கேட்க வந்தார்களோ, நான் கேட்கவில்லை. கையைத் தூக்கி, "ஜெபம் பண்றேனுங்கம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜெபமும் பண்ணினேன். அது பொய் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜூமில் எங்கள் சபையார் கூடி, உலகமெங்கும் உள்ள நோயாளிகளுக்காக ஜெபித்தோம். உலகத்தில் எங்கள் மாடியும் அடக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக்குச் சாப்பாடு யார் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நம் வாட்ச்மேனும் அவர் சம்சாரமும். அந்தம்மா கீழே அந்தச் சின்ன அறையில் கஞ்சி காய்ச்சி, தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுக்க, அவர் மூன்று மாடி ஏறிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, மணி அடித்துவிட்டு இறங்கிவிடுவார். காலையும் மாலையும், இரண்டு வாரத்துக்கு மேல்.

எனக்கு வயதாகிவிட்டது, மனைவிக்குச் சர்க்கரை, பயம் நியாயம்தான் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். பயம் நியாயம்தான். ஆனால் கணக்கைச் சரிபார்த்தால் ஒன்று இடிக்கிறது. வாட்ச்மேன் வீட்டுக்குள் போகவில்லை. யாரையும் தொடவில்லை. கதவுக்கு வெளியே மாட்டிவிட்டுத்தான் வந்தார். அதை நானும் செய்திருக்கலாம். அதற்குத் தைரியம்கூட வேண்டாம். அந்த நினைப்பு வந்திருந்தால் போதும். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. இத்தனைக்கும் அதற்கு முன்பே சபையோடு வேன் பிடித்து வாழவந்திக்குப் போய், அந்தக் கல்லறைப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவன் நான். கஞ்சிப் பானைக் கதை எனக்கு மனப்பாடம்.

அவர் பிழைத்துக்கொண்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனபோது இரண்டு கையாலும் தட்டை வாங்கி, "நல்லா இருங்க சார்" என்றார். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, "அந்த நேரத்துல யாருக்குத்தான் பயமில்லைங்க? விடுங்க" என்று காபி கொடுத்தார்கள். இன்று இதைப் பேசுவதற்கும் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை, கோயில் ஊழியம் செய்யும் இருவர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். வேறு இனத்துக்காரன் ஒருவன் தூக்கிக்கொண்டுபோய் ஒரு சத்திரத்தில் சேர்க்கிறான். சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். உச்சவரம்பு போடாத கணக்கு! எந்த வங்கியும் அப்படித் திறக்காது. பிரசங்கத்தில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் என்னைச் சமாரியனாகத்தான் நினைத்துக்கொள்வேன். 2021-க்குப் பிறகு அப்படி முடிவதில்லை. ஒதுங்கிப் போன இருவரில் ஒருவனாகத்தான் நிற்கிறேன். சமாரியன் கேட் பக்கத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நமக்குத் தினமும் சல்யூட் அடிக்கிறார். அவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் ஜெபம் கதவைச் சாத்திக்கொள்ளும் சாக்காக ஆகிவிடக் கூடாது. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ஜெபித்தவர்கள்தான். முழங்காலில் இருந்து எழுந்ததும் அடுப்பு மூட்டினார்கள். உங்கள் வீட்டில் அது பூஜையாக இருக்கலாம், தொழுகையாக இருக்கலாம். எதுவானாலும் எழுந்த பிறகு நாம் எந்தக் கதவுக்குப் போகிறோம் என்பதுதான் கேள்வி. பண்டிகைக்குத் தட்டு மாற்றிக்கொள்வது சுலபம். காய்ச்சல் வந்த வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் சிரமம்.

வங்கியில் இருந்தபோது நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்தாரர்கள் வரிசையில் நிற்பார்கள். லைஃப் சர்டிபிகேட் கொடுக்க, அதாவது தான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட. இன்று நானும் கொடுக்கிறேன், இப்போது கைரேகை வைத்தால் போதும். வருடத்துக்கு ஒரு முறை நாம் உயிரோடு இருப்பது வங்கிக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா?

அதனால் சங்கத்துக்கும் உங்களுக்கும் சின்னதாக ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம் எல்லாம் இல்லை. ஒவ்வொரு வீடும் தனக்குப் பக்கத்தில் இரண்டு கதவுகளை மட்டும் பொறுப்பெடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு வீட்டிலும் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, பிள்ளைகளின் போன் நம்பர் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்வோம். சம்மதம் உள்ளவர்கள் ஒரு மாற்றுச் சாவியையும் கொடுத்து வைக்கலாம். காலையில் பேப்பர் எடுக்காமல் கிடந்தால் மணி அடித்துப் பார்ப்போம். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் குழுவில் கும்பிடு படம் போடுவதற்கு முன்னால் கஞ்சிக்கு அரிசி போடுவோம். உள்ளே போகப் பயமாக இருந்தால் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வருவோம். அதற்கு முன்னுதாரணம் நம் வளாகத்திலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்த இரண்டு கதவுக் கணக்கில் கேட் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன அறையின் கதவையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கீழே இறங்கிக் கஞ்சி கொண்டுபோக வேண்டியது யார் முறை? என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துக்கள்.